பின்கதவு திறக்கும் கார்

அன்புள்ள தம்பி ஸ்டெப்னிக்கு,

பல்லக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதமும் தொடங்கும். நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை தம்பி, பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நலமா?

கையால் கடிதம் எழுதிப் பல வருஷமாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம் கார் மாடல் குழுவிலிருந்து விலகி இன்றோடு பத்தொன்பது நாள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. நான் அனுப்பிய செய்திகள் ஒன்றுகூட உங்களைச் சேரவில்லை. மாடலுக்கு நிறம் பார்க்க உங்கள் பழைய காரின் சீட் துணியில் ஒரு துண்டும், கதவோரத்துப் பெயிண்ட் செதிலும் வைத்து ஒரு கவர் அனுப்பினீர்களே, நல்லவேளை, அதைத் தூக்கிப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் இருந்த முகவரிக்குத்தான் இது வருகிறது. உங்கள் நிஜப் பெயரை அந்தக் கவரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உறை மேல் அதை எழுதிவிட்டேன். உள்ளே அப்படிக் கூப்பிட மனம் வரவில்லை.

குழுவில் உங்களைத் தேடுகிறார்கள். லாரி மாடல் செய்கிறாரே போஸ்ட் ஆபீஸ்காரர், அவருடைய சைடு கண்ணாடி ஒன்று கீழே விழுந்து காணாமல் போய்விட்டது. கீழே விழுந்த பாகம் பூமிக்குள் போய்விடும் என்று நாம் சிரிப்போமே, அதேதான். அவர் பழக்க தோஷத்தில் "ஸ்டெப்னி எங்கப்பா, அவர் டப்பாவுல கண்டிப்பா ஒண்ணு இருக்குமே" என்று போட்டுவிட்டார். நாற்பது பேர் உள்ள குழு. ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை அழித்துவிட்டார்.

யாருக்கு எந்தப் பாகம் தொலைந்தாலும் உங்கள் டப்பாவைக் கிளறி, பஞ்சில் சுற்றி அனுப்பி வைப்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு ஸ்டெப்னி என்று பெயர் வந்தது. எனக்குப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். நான் குழுவில் சேர்ந்து முதல் காரைச் செய்து படம் போட்டபோது எல்லோரும் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றார்கள். நீங்கள் மட்டும், "அக்கா, ஊருக்கெல்லாம் பல் செட்டு வரிசையா கட்டித் தர்றீங்க, உங்க கார் சக்கரம் மட்டும் ஏன் எத்துப்பல்லு மாதிரி நிக்குது?" என்று கேட்டீர்கள். பல் கட்டுகிற லேபில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அன்று முதல் பல்லக்கா. சிலர் இப்போது பல்லக்கு என்றே எழுதுகிறார்கள்.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷக் கடைசியில் நீங்கள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினீர்கள். முன்பு உங்களிடம் இருந்த காரை மாடலாகச் செய்து தர முடியுமா என்று. நீங்களே நன்றாகச் செய்பவர், என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, "என் கைக்கு வராதுக்கா" என்றீர்கள். பந்தயக் காருக்கு, ஒட்டிச் செய்யப் பாகங்களோடு கிட் வரும். நூறு வருஷத்துப் பழைய காருக்கும் வரும். தெருவுக்கு நாலு நிற்கிற குடும்பக் காருக்கு யார் கிட் போடுவார்கள்? கிட்டத்தட்ட அதே உடம்புள்ள வேறொரு காரை வாங்கி, மூக்கை அறுத்து, பின்பக்கத்தை நகக்கண் அளவு நீட்டி, கூரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உங்கள் காராக்கினேன்.

நீங்கள் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. "முன்கதவு எப்படி வேணா இருக்கட்டும்க்கா. பின்கதவு ரெண்டும் திறக்கணும். அது மட்டும் முக்கியம்." கிட்டில் கதவு உடம்போடு ஒட்டித்தான் வரும், அறுத்தெடுத்துக் கீல் வைத்தால் இடைவெளி சரியாக நிற்காது என்று எவ்வளவோ சொன்னேன். நீங்கள் விடவில்லை. இரண்டு மாதம் அந்தக் கதவுகளுக்கே போனது. பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில்தான் கீல் செய்தேன். கதவு சரியாக மூடாமல் போன ஒவ்வொரு தடவையும் உங்களை வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். ஏன் திறக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் ஒன்றில், பின் கண்ணாடி வழியாக ஒரு குழந்தை இருக்கையின் மேல் விளிம்பு தெரிந்தது. ரோஸ் நிறம். எனக்கு ஒரே சந்தோஷம். மனுஷன் குழந்தை இருப்பதைச் சொல்லவே இல்லையே, வரட்டும், அசத்திவிடலாம் என்று நினைத்தேன். ஈறு செய்கிற ரோஸ் அக்ரிலிக் லேபில் எப்போதும் இருக்கும். அதிலேயே இருக்கையை வார்த்தேன். பிளாஸ்திரியை நூல் நூலாக வெட்டிப் பெல்ட் வைத்தேன். சுண்டு விரல் நகத்தில் உட்காரும் அந்த இருக்கை. என் வாழ்க்கையில் அவ்வளவு நுணுக்கமாக எதையும் செய்ததில்லை. படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன்.

ஐந்து நாள் உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆறாம் நாள், "அக்கா, பின்சீட்ல அது வேண்டாம். எடுத்துடுங்க" என்று மட்டும் வந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதுதான் மாடலிலேயே அழகான இடம், இருக்கட்டுமே என்று வாதாடினேன். நீங்கள் வாதாடவில்லை. "எடுத்துடுங்கக்கா, ப்ளீஸ்" என்றீர்கள். எடுத்துவிட்டேன். உடைக்கவில்லை, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு வைத்தேன். உங்கள் பேச்சைக் கேட்டது அந்த மட்டும்தான்.

மாதக் கடைசியில் குழுவில் எல்லோரும் செய்ததைக் காட்டும் நாள் வந்தது. கார் உங்களுடையது, போடலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதுமட்டுமா, இருக்கை இல்லாத படங்களைவிட இருந்த படங்கள் அழகாக இருந்ததால், அவற்றைத்தான் போட்டேன். நம்பர் பிளேட்டில் உங்கள் நிஜ நம்பரை அரிசியைவிடச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பெருமையில் அதையும் கிட்டக் கொண்டுபோய் ஒரு படம். குழுவை நடத்துகிற டிரைவிங் ஸ்கூல் அண்ணன் வழக்கம்போல அதை எல்லோரும் பார்க்கிற பொதுப் பக்கத்தில் இந்த மாதத்தின் மாடல் என்று ஏற்றிவிட்டார்.

அவர்மேல் தப்பில்லை. நான் கொடுத்ததை அவர் போட்டார்.

மறுநாள் மதியம் லேபில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறேன். தெரியாத ஒருவர், இந்த நம்பர் கார் இன்ன ஊர்க்காரருடையதா என்று கேட்டிருந்தார். பார்த்தீர்களா, நிஜக் காரையே அடையாளம் கண்டுபிடிக்கும் அளவுக்குச் செய்திருக்கிறோமே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாம், சரியாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள்! நம் நண்பருடைய கார்" என்று பதில் போட்டேன். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன், தம்பி.

இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பேன். அடுத்தது வந்தது. பிறகு வரிசையாக வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் படித்திருப்பீர்கள் என்பதுதான் என் பயம். மூன்று வருஷத்துக்கு முந்தைய வெயில் காலத்தில் நடந்ததை, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மாதிரி எழுதினார்கள். பெற்ற குழந்தையைப் பூட்டிவைத்துவிட்டு இப்போது அதையே பொம்மை செய்து ரசிக்கிறானா என்று ஒருவர். அதற்குக் கீழே நூற்றுச் சொச்சம் பேர். அழிக்கும் அதிகாரம் டிரைவிங் ஸ்கூல் அண்ணனிடம்தான் இருந்தது. அவர் யாருக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் அது அப்படியே கிடந்தது. அவர் அழித்தபோது நீங்கள் குழுவிலிருந்து போயிருந்தீர்கள்.

நடந்ததை அவர்தான் பழைய பத்திரிகையில் தேடிப் படித்துச் சொன்னார். தினமும் குழந்தையைக் காப்பகத்தில் விடுவது உங்கள் மனைவி. அன்று மட்டும் அவருக்குச் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் நீங்கள் அழைத்துப் போனீர்கள். வழியில் ஆபீஸிலிருந்து போன் மேல் போன். குழந்தை பின்னால் தூங்கிவிட்டது. நீங்கள் நேரே ஆபீஸுக்குப் போய்விட்டீர்கள். பூட்டிய கார் வெயிலில் நின்றது. விசாரணை நடந்து, வேண்டுமென்று செய்ததில்லை என்று உங்களை விடுவித்துவிட்டார்கள்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் அரை நாள் நானும் அவர்களை மாதிரியேதான் நினைத்தேன். எப்படி மறக்க முடியும்? எந்த அப்பனால் முடியும்? இதை மறைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பாகாது.

மறுநாள் லேபுக்குப் போகும் வழியில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மனதில் அன்று முடிக்க வேண்டிய ஒரு பல் செட்டு. ஆஸ்பத்திரி திருப்பத்தைத் தாண்டி, சிக்னலைத் தாண்டி, லேப் வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தபோது அவர் தோளைத் தட்டி, "என்னையும் உள்ளே கூட்டிட்டுப் போய்ப் பல்லு கட்டப் போறியா?" என்றார். இரண்டு நாள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் பின்னால் உட்கார்ந்திருந்தது எழுபது கிலோ ஆள், தம்பி. வாய் இருந்தது. தோளைத் தட்டக் கை இருந்தது. உங்கள் பின்னால் இருந்தது தூங்கிப்போன குழந்தை. உங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது சிரிப்பாகப் போனது.

ஸ்கூட்டரை அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டேன். அன்று வேலைக்குத் தாமதம்.

நான் செய்தது மறதியில்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூட இப்போது எனக்கு அவசரமில்லை. அது உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது. அவசரம் வேறு ஒன்றுக்கு.

இதற்குள் ஒரு அஞ்சலட்டை வைத்திருக்கிறேன். என் லேப் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டியிருக்கிறேன். அதில் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். திட்ட நினைத்தால் திட்டுங்கள். பேனா பிடிக்க முடியாவிட்டால் ஒரு கோடு போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் வெறும் அட்டையைப் பெட்டியில் போடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பெட்டி வரைக்கும் நடந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும். உங்கள் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள், தனியாக இருக்காதீர்கள். உங்களுக்கு யாராவது அண்ணன், தம்பி, கூட வேலை பார்க்கிறவர் இருந்தால் அவரை வீட்டில் வந்து தங்கச் சொல்லுங்கள். வெளியே வாருங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அக்கா கெஞ்சிக் கேட்கிறேன்.

தபால் எங்கள் லேபுக்குப் பதினொன்றரைக்கு வரும். அந்த நேரத்தில் நான் வாசலில்தான் நிற்பேன்.

உங்கள் பதிலையே பார்த்திருக்கும்,
பல்லக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அட்டை திங்கட்கிழமை கிடைத்தது. "இருக்கேன்க்கா." தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே படித்தேன். லேப் முதலாளி உள்ளேயிருந்து, "என்னம்மா, பரிசு கிரிசு விழுந்துடுச்சா?" என்றார். ஆமாம் சார் என்றேன். அட்டை என் மேசையில், பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் நிற்கிறது.

அதோடு உங்களை விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் புதன்கிழமை ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு.

மதியம் மூன்று மணி இருக்கும். லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை, முகத்தில் பஸ் களைப்பு. பல் செட்டு வாங்க வந்தவள் என்று நினைத்து எந்த டாக்டர் அனுப்பினார் என்று கேட்டேன். "நான் ஸ்டெப்னியோட வீட்டுக்காரிக்கா" என்றாள். பொதுப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் பெயரைப் பார்த்து, அண்ணனுக்குப் போன் செய்து, என் லேப் முகவரி வாங்கி, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவள் இவள் என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கடைசித் தங்கை வயது. தங்கச்சி என்றே கூப்பிட்டேன், ஒத்துக்கொண்டாள்.

அடிக்கத்தான் வந்திருக்கிறாள், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் உட்காரவில்லை. "அந்தக் காரைப் பாக்கலாமாக்கா?" என்றாள்.

மாடலைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். ரொம்ப நேரம் தொடவே இல்லை. குனிந்து, முன்னால் பார்த்தாள், டிக்கியைப் பார்த்தாள், ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற கீறலைப் பார்த்து, "இது நான் போட்டது, கேட்டுல இடிச்சது" என்றாள். பிறகு நகத்தால் இடது பின்கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்துக்கொண்டே, "சீட்டு எங்க?" என்றாள்.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை, எனக்கு நினைவு இருக்கிற மட்டும் அப்படியே எழுதுகிறேன். "அவருக்கு அந்த ஒரு நாள் மட்டும்தான் தெரியுதுக்கா. அந்த சீட்டுல பாப்பா ரெண்டு வருஷம் உக்காந்து வந்தா. அவளுக்குத் தெரிஞ்ச அஞ்சு வார்த்தையில பாட்டுப் பாடுவா. பிஸ்கட்டைத் துப்புவா. செருப்பைக் கழட்டி அவர் தலை மேல எறிவா, அவர் ஒவ்வொரு தடவையும் அய்யோ அம்மான்னு கத்துவாரு, அவ சிரிப்பா. அதை எடுத்துட்டா அப்புறம் இது யாரு காரோ."

சின்னப் பாகங்களைப் பிடிக்கிற சாமணத்தைக் கேட்டாள். இருக்கை இருந்த டப்பாவைத் திறந்து கொடுத்தேன். நான் வைக்கிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டாள். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை அவளே வைத்தாள். எங்கள் முதலாளி, நாளைக்குப் பத்து முறை கத்துகிற மனுஷன், அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்த உராய்ப்பு மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம்தான் உட்கார்ந்தாள். தான் அம்மா வீட்டுக்குப் போனதைப் பற்றி ஊரில் என்னென்னவோ சொல்கிறார்களாம். உங்களை வெறுத்துப் போகவில்லை என்றாள். "என்னைப் பாக்குறப்ப எல்லாம் மன்னிப்புக் கேக்குறாருக்கா. தண்ணி குடுத்தா மன்னிப்பு, கதவைத் திறந்தா மன்னிப்பு. அவரைச் சமாதானப்படுத்தவே எனக்கு நாள் சரியா இருந்துச்சு. என் பொண்ணுக்காக அழணும்னா நான் வேற வீட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு." இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக வராத ஒன்றை எடுத்துக்காட்டுகிற மாதிரிச் சொன்னாள். கடைசியில் இதையும் சொன்னாள்: "பாப்பாவைப் பத்தி என்கூடப் பேச இந்த உலகத்துல இருக்கறது ஒரே ஒரு ஆளு. அந்த ஆளும் பேச மாட்டேங்குறாரு."

நீங்கள் குழுவிலிருந்து போனதையும், போன் அணைந்து கிடப்பதையும் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். முகம் வெளுத்துவிட்டது. உங்கள் அட்டையை எடுத்துக் காட்டினேன். அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை படித்தாள் என்று எண்ணவில்லை. "கையெழுத்து சின்னதாயிடுச்சு" என்றாள்.

மாடலை எடுத்துப்போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நீங்களும் சரி என்றால்தான் வாங்கிக்கொள்வாளாம். இப்போது இருக்கை உள்ளே இருக்கிறது. உங்களுக்கு அது பார்க்க முடியாததாக இருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுவேன். ஆனால் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொல்ல வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எதையும் இனி முடிவு செய்ய மாட்டேன். கேட்காமல் செய்தது ஒன்று போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் உங்கள் ஊருக்கு வருகிறாள். காலை பத்து மணிக்கு வருகிற பஸ். "சொல்லிடுங்கக்கா, திடீர்னு போய் நின்னா பயந்துடுவாரு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

தம்பி, நீங்கள் ஸ்டாப்புக்குப் போய் நில்லுங்கள். முகச்சவரம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம், சொல்வதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லாமல் போனாலும் சரி. அந்த ஒரு நாள் மட்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள். அவள் கையில் இருக்கிற பையை வாங்கிக்கொண்டு கூட நடங்கள். வழியில் எங்காவது அவள் பாப்பாவின் பெயரைச் சொல்வாள். அப்போது பேச்சை மாற்றிவிடாதீர்கள். நின்று, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்கள்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
பல்லக்கா